நான் இருட்டாக்கிய அறை

மகனே,

ஸலாம். நலமா என்று கேட்டு நான் எழுதி, நலம் என்று நீ பதில் போடாத கடிதங்கள் மூன்று ஏற்கெனவே சென்னைக்கு வந்திருக்கின்றன. போனில் என் குரல் கேட்டால் லைன் கட்டாகிவிடுகிறது; டெலிபோன் இலாகாவின் கோளாறு என்று உன் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஆகவே இந்த முறை விசாரிப்பை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். உன்னிடம் இருக்கும் பழைய வீடியோ கேசட்டுகளில் ஒன்றில் 'சுன்னத் கல்யாணம்' என்று என் கையெழுத்தில் லேபிள் ஒட்டியிருக்கும். அதை யாரிடமும் கொடுக்காதே. கொடுத்திருந்தால் இப்போதே போய் வாங்கிவிடு. மீதியை வந்து படித்துக்கொள்ளலாம்.

வாங்கி வந்துவிட்டாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உன் நிக்காஹ் விருந்தில் போட்டுக் காட்டுவதற்காகப் பழைய கேசட்டுகளை எல்லாம் டிஸ்க்கில் ஏற்றப் போகிறாய் என்றும், ஏழு வயதில் நீ குதிரைமேல் அழுதுகொண்டு ஊர்வலம் போனதைப் பார்த்து எல்லாரும் சிரிக்கட்டும் என்று சொன்னாய் என்றும், வெள்ளிக்கிழமை கேசட்டுகளைக் கடையில் கொடுக்கப் போகிறாய் என்றும் உன் அம்மா நேற்று மிகுந்த சந்தோஷத்தோடு சொன்னாள். அந்தக் கேசட்டில் குதிரை இல்லை. நீயும் இல்லை. அதைப் போட்டுப் பார்க்கும் கடைக்காரர், ஏதோ பட்டாசுக் கம்பெனியின் ஆயுத பூஜை ஓடுவதைக் கண்டு, கேசட் மாறிவிட்டது என்று ஓரத்தில் எறிவார். அல்லது, நான் இருபது வருஷம் செய்ததைப்போல, அதன்மேல் வேறொருவர் வீட்டுக் கல்யாணத்தைப் பதிவு செய்துவிடுவார். அப்படி நடந்தால் ஒரு பெண் இரண்டாவது முறை சாவாள்.

என் தொழிலைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. நீ இப்போது டிவி சேனலில் அதையே கம்ப்யூட்டரில் செய்கிறாய். செய்தி வாசிக்கும் பெண்ணின் கன்னத்தை மவுஸால் சரி செய்கிறாய் என்று கேள்விப்பட்டேன். நான் குமிழைத் திருகிச் செய்தேன். விருதுநகர் பஜாரில் மிளகாய் மண்டிகளுக்கு நடுவே நம் வீடியோ கடையில் இரண்டு டெக், ஒரு மிக்சர், ஒரு கலர் கரெக்டர் பெட்டி. ஒரு டெக்கில் ஓடும் படம் இன்னொரு டெக்கில் பதிவாகப் போகிற வழியில் அந்தப் பெட்டிக்குள் நுழைந்து வெளியேறும். பெட்டியில் பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட், கலர் என்று மூன்று குமிழ்கள். இந்த மூன்றைக்கொண்டு ஒரு குடும்பம் நடத்தினேன். காரியாபட்டியிலிருந்து சாத்தூர் வரை எத்தனையோ வீட்டுப் பெரியவர்கள் என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். பெண் கறுப்பு என்று ஒருவரும் சொன்னதில்லை. எல்லாரும் சொன்னது, "வெளிச்சம் பத்தலையே பாய்." வெளிச்சத்தை ஏற்றிக் கொடுத்தேன். ஒரு கேசட்டைப் பார்த்துவிட்டு உன் அம்மா, "இது பொண்ணா, சுண்ணாம்பு அடிச்ச செவரா?" என்று கேட்டாள். அந்த வீட்டார் மாத்திரம் பரம திருப்தியாக வாங்கிப்போய் இன்னும் நாலு பிரதி கேட்டார்கள். பிரைட்னஸ் குமிழ் வெள்ளையை வெள்ளையாக்குவதில்லை என்பது உனக்குத் தெரியும். கறுப்பைக் கறுப்பாக இருக்க விடாமல் செய்வதுதான் அதன் வேலை. நம் மாவட்டத்துக்கு அதுவே போதுமாக இருந்தது.

நீ பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம் படித்தபோது, சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஆயுத பூஜையைப் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். பூஜைக்கு விடுமுறை என்று பலகையில் எழுதியிருந்தது. ஆனால் தீபாவளி சீசன், லோடு காத்திருக்கிறது. பொரி கடலை கொடுத்து முடித்ததும் வேலை ஆரம்பித்துவிட்டது. வடக்கே இருக்கும் ஏஜெண்டுகளுக்கு அனுப்ப வேண்டும், வேலை நடப்பதையும் எடுங்கள் என்றார் போர்மேன். பெரிய கம்பெனியாகத் தெரிய வேண்டும் என்று, நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்று சுவரில் எழுதியிருந்த ஓர் அறையில் ஏழு பெண்களை உட்கார வைத்ததும் அவர்தான். உட்கார வைக்க அவர் சிரமப்படவில்லை; அவர்கள் தினமும் அப்படித்தான் உட்கார்ந்தார்கள். எனக்கு ஒரே ஒரு நிபந்தனை. லைட் போடக் கூடாது, வாசலுக்கு வெளியே நின்றுதான் எடுக்க வேண்டும். ஆயிரம் வாட் லைட் இல்லாமல் நான் ஒரு பிள்ளையின் தொட்டிலைக்கூட எடுத்தவன் இல்லை. வெளியே உச்சி வெயில், உள்ளே இருட்டு. கேமராவின் கண்மணியான ஐரிஸைத் திறந்து, வெளிச்சம் அந்த வாசலுக்குள் மெல்ல மெல்ல இறங்கும்படி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நாலு நிமிடம் எடுத்தேன். அலுமினியப் பவுடர் படிந்து ஏழு பேரும் ஒரே நிறமாக இருந்தார்கள். வாழ்க்கையில் முதல் முறையாக, நான் நிறம் கூட்ட வேண்டிய அவசியம் இல்லாத ஒரு படம். நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நாலு நாள் கழித்து அந்த அறை வெடித்தது. இதை நீட்டி எழுதப் போவதில்லை. நீ அந்த ஊர்க்காரன், சத்தம் கேட்டதும் எல்லாரும் எந்தத் திசையைப் பார்ப்பார்கள், யார் யார் எந்த பஸ்ஸில் ஏறுவார்கள் என்பது உனக்குத் தெரியும். அறைக்கு வெளியே மிச்சம் இருந்தவர்களை அடையாளம் தெரிந்தது. உள்ளே இருந்தவர்களைப் பதிவேட்டைப் பார்த்துத்தான் சொன்னார்கள். பதிவேட்டில் நாலு பெயர். அதில் இல்லாத மூன்று பேரில் இரண்டு வீட்டார் கம்பெனி கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிட்டார்கள்; மூன்றாவது, பேச்சியம்மாள் என்ற பெண். அவள் விறகு பொறுக்க வேலியோரம் வந்தவள், எங்களுக்கும் அவளுக்கும் சம்பந்தம் இல்லை என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. இரண்டு வருஷமாக அங்கேதான் வேலை பார்த்தாள் என்று அவள் புருஷன் கருப்பையா சொன்னார். அவரிடம் காகிதம் எதுவும் இல்லை. பூஜை அன்று வீடியோ எடுத்தார்கள், அதைப் போட்டுப் பாருங்கள் என்று மட்டும் மனுவில் எழுதினார்.

மனு போன மறுநாள் போர்மேன் நம் கடைக்கு வந்தார். டீ சொன்னேன், குடித்தார். பூஜை கேசட்டை விசாரணைக்குக் கேட்கிறார்கள், ஒரு பிரதி வேண்டும் என்றார். பிறகு குவளையைப் பார்த்துக்கொண்டே, "வெளிய பளிச்சுன்னு இருக்கட்டும் பாய். உள்ள இருட்டா இருக்கட்டும். அம்புட்டுத்தான்" என்றார். எல்லாரும் வெளிச்சம் கேட்ட கடையில் இருட்டுக் கேட்ட முதல் வாடிக்கையாளர். "தம்பி நம்ம மொதலாளி ஐயா காலேஜ்லதான படிக்குது, நல்லாப் படிக்குதாமே" என்று விசாரித்துவிட்டு எழுந்தார்.

இத்தனை வருஷமாக, உனக்காகத்தான் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதை இன்று வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். உன் படிப்பு போனால் வேறு படிப்பு இருந்தது. மண்டியில் உன் பெரியத்தா உன்னை மூட்டை எண்ண வைத்திருப்பார், நீ பிழைத்துக்கொண்டிருப்பாய். எனக்குப் பயம். அவ்வளவுதான் காரணம். பஜாரில் நாலு பேர் என்னைப் பார்த்துப் பேச்சை நிறுத்துவார்களே என்ற சாதாரணப் பயம். ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் டெக் முன்னால் உட்கார்ந்தேன். முழுக்க இருட்டாக்கினால் பூஜையும் இருட்டிவிடும். ஆகவே கேமரா வெயிலிலிருந்து வாசல் பக்கம் திரும்பும் நேரம் பார்த்து, பிரைட்னஸ் குமிழை நூல் நூலாக இறக்கினேன். பார்க்கிறவன் கண்ணுக்கு, கேமராவே அந்த வெயிலில் திணறியதுபோல இருக்கும். அவ்வளவு சுத்தமாக நான் எந்தக் கல்யாணத்துக்கும் வேலை செய்ததில்லை.

அடுத்த நாள் நீ விடுமுறையில் வந்தாய். பிரதி மானிட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. இது ஏன் இவ்வளவு இருட்டாக இருக்கிறது என்று கேட்டாய். மானிட்டர் பழசாகிவிட்டது என்றேன். நீ கலர் பார் கேசட்டைப் போட்டாய். வெள்ளையில் தொடங்கிக் கறுப்பில் முடியும் அந்த எட்டுப் பட்டைகள். கல்லூரியில் சொல்லிக் கொடுத்தபடி ஒவ்வொன்றாகப் பார்த்து மானிட்டரைச் சோதித்தாய். அந்தக் கால் மணி நேரத்தை நான் இன்னும் உட்கார்ந்து முடிக்கவில்லை. கடைசியில் திரும்பி, "அத்தா, மானிட்டர் சரியாத்தான் இருக்கு" என்றாய். வெயிலில் எடுத்தால் உள்ளே இப்படித்தான் விழும் என்று நான் அடுத்த பொய்க்குப் போனேன். "நீங்க ஐரிஸ் தொறந்துதான் எடுத்திருப்பீக. அப்படி எடுக்காம விட மாட்டீக" என்றாய். என் தொழிலை ஒருவன் அப்படிப் பாராட்டி நான் கேட்டதில்லை. அதற்கு நான் சொன்ன பதில், "ஏலே, நீ யாரு காலேஜ்ல படிக்கன்னு தெரியுமால?" நீ அந்தப் படிப்பை ஒரு மார்க் குறையாமல் முடித்தாய். சான்றிதழை வீட்டிலேயே வைத்துவிட்டுச் சென்னைக்குப் போனாய்.

இனி கேசட்டுக்கு வருகிறேன். ஒரிஜினல் தங்கள் கண்முன்னால் அழிய வேண்டும் என்றும் போர்மேன் சொல்லியிருந்தார். எனக்கு மனம் வரவில்லை. மனசாட்சி என்று நினைத்துவிடாதே; அது அப்போது ஊரில் இல்லை. நான் எடுத்ததிலேயே நல்ல படத்தை நானே கொளுத்துவதா என்ற தற்பெருமைதான். வீட்டில் இருந்த கேசட்டுகளில், யாரும் போட்டுப் பார்க்கத் துணியாதது உன் சுன்னத் கல்யாணம். இரண்டின் லேபிளையும் வெந்நீர் தொட்டு உரித்து மாற்றி ஒட்டினேன். கடைக்குப் பின்னால் வைத்துப் போர்மேன் டேப்பை உருவி ஒரே குச்சியில் பற்ற வைத்தார்; நெருப்புப் பழகிய கை. எரிந்தது நீ, உன் குதிரை, உன் அழுகை, அந்த ஊர்வலத்தில் நடந்து போன, இப்போது உயிரோடு இல்லாத பதினைந்து இருபது உறவுக்காரர்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நீ சிரிக்க நினைத்த படத்துக்கு இதுதான் நடந்தது. அதற்கும் மன்னிப்புக் கேட்க வேண்டும்; வரிசையில் அது கொஞ்சம் பின்னால் இருக்கிறது. நீ சென்னைக்குக் கிளம்பியபோது உன் அம்மா, பின்னாளில் பிள்ளைக்குக் காட்டுவான் என்று லேபிளைப் பார்த்து அதை உன் பெட்டியில் வைத்தாள். நான் தடுத்திருக்கலாம். தடுத்தால் ஏன் என்று கேட்பாள். பெட்டி வாசல் தாண்டியதும் எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

சூலக்கரை கலெக்டர் ஆபீஸில் விசாரணை நடந்தது. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு டிவியை மேஜைமேல் வைத்து என் பிரதியைப் போட்டார்கள். வெயில் தெரிந்தது, வாழைமரம் தெரிந்தது, மாலை போட்ட தராசு தெரிந்தது, பிறகு ஒரு கறுப்பு வாசல். விசாரித்த அதிகாரி நல்ல மனிதர். தானே எழுந்து போய் டிவியின் பிரைட்னஸைக் கடைசி வரை ஏற்றினார். கறுப்பு சாம்பலாக மாறியது. அதற்குள் ஒன்றும் இல்லை. கறுப்புக்குக் கீழே இறக்கிப் பதிவு செய்தது பிறகு எந்தக் குமிழுக்கும் ஏறி வராது, இது உனக்கும் எனக்கும் தெரியும், அவருக்குத் தெரியாது. கருப்பையா மட்டும் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய், அந்தச் சாம்பலில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். "இங்கனதான் சார் இருக்கா. மூணாவதா உக்காந்திருந்தேன்னு எங்கிட்டச் சொன்னா. டிவில வருவேன்னு சொன்னா." அறையில் இருந்த எல்லாரும் அவர் விரல் இருந்த இடத்தை மரியாதையாகப் பார்த்தோம். அதிகாரி என்னைப் பார்த்து, இதைவிடத் தெளிவாக எடுக்க முடியாதா என்று கேட்டார். வெயிலில் எடுத்தால் உள்ளே இப்படித்தான் விழும் ஐயா, என்றேன். உன்னிடம் ஒத்திகை பார்த்த வசனம். தடங்கல் இல்லாமல் வந்தது. பேச்சியம்மாள் விறகு பொறுக்க வந்தவளானாள்.

அதன் பிறகு கருப்பையா நம் கடைக்கு வர ஆரம்பித்தார். சண்டைக்கு வரவில்லை, வந்திருந்தால் சமாளித்திருப்பேன். மாதம் ஒரு தடவை, வேலை இல்லாத நாளில் வந்து வாசலில் நிற்பார். உட்காருங்கள் என்றால் உட்கார மாட்டார். "வேற கேசட் இருக்கா பாய்" என்பார். இல்லை என்பேன். "சரிங்க" என்று போய்விடுவார். நாலு வருஷத்துக்கு மேலாகிறது. இந்த மாதக் கடைசியில் விசாரணை முடிவை எதிர்த்துக் கோர்ட்டில் அவர் போட்ட வழக்கு கடைசியாக வருகிறது. புதிதாக எதுவும் காட்டாவிட்டால் மூடிவிடுவார்கள் என்று வக்கீல் சொல்லிவிட்டாராம். போன வாரம் வந்தபோது, பணத்துக்காக இல்லை என்று அவராகவே சொன்னார். "எம் பொண்ணு பத்தாவது படிக்கா பாய். ஒங்க ஆத்தா கம்பெனி வேலிக்குள்ள வெறகு திருடப் போனவதானேன்னு பள்ளிக்கூடத்துல கேக்குறாளுகளாம். அவ வேலைக்குத்தான் போனான்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்தாப் போதும்." நான் அன்றைக்கும் இல்லை என்றுதான் சொன்னேன். நேற்று உன் அம்மா சொன்னதைக் கேட்ட பிறகு, இன்று காலை முதல் பஸ்ஸில் அவர் ஊருக்குப் போய், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அடிப்பார் என்று எதிர்பார்த்துக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்திருந்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "அதுல அவ தெரியுதாளா?"

உனக்குக் கல்யாணம். தகப்பன் ஏதாவது புத்தி சொல்ல வேண்டிய நேரம். என்னிடம் அதிகம் இல்லை. உன் மனைவி ஒரு நாள், இது ஏன் இருட்டாக இருக்கிறது என்று எதையாவது காட்டிக் கேட்பாள். அப்போது மானிட்டரைக் குறை சொல்லாதே. முதல் பொய்யை மட்டும் சொல்லி நிறுத்திவிடலாம் என்றுதான் நானும் உட்கார்ந்தேன். கடைசியில் எனக்கு வாய்த்தது ஒரு அதிகாரியும் ஒரு கோர்ட்டும். இன்னொன்று. நீ என்னைக் கண்டுபிடித்த அன்று, மேலும் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் நான் உடைந்திருப்பேன். உன் மேல் குறையாகச் சொல்லவில்லை. உன் பிள்ளை உன்னிடம் பொய் கண்டுபிடித்தால், அவன் ஊரைவிட்டுப் போகும் முன் நீயே உடைந்துவிடு என்று சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தை ஒட்டாமல் அனுப்புகிறேன். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். இதுவரை எழுதியதன் பிரதி ஒன்றில் கையெழுத்துப் போட்டு, மத்தியானமே கருப்பையாவின் வக்கீலிடம் கொடுத்துவிட்டேன். அவர் படித்துவிட்டு, இதனால் பெரிய பிரயோஜனம் இல்லை என்றார். அன்றைக்குச் சொன்னது பொய்யா, இன்றைக்குச் சொல்வது பொய்யா என்று எதிர்த்தரப்பில் ஒரே கேள்வி கேட்பார்கள், நான் எழுந்து நின்று விழிப்பேன். என் வாய்க்கு மதிப்பில்லை. அந்தக் கேசட்டுக்கு உண்டு. அதை எனக்கு அனுப்பாதே. போர்மேன் இன்னொரு தடவை வந்து டீ குடித்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

இதைக் கொண்டுவந்து உன் கையில் கொடுத்துவிட்டு, நீ படித்து முடிக்கட்டும் என்று எதிரில் நிற்கிறாரே, அவர்தான் கருப்பையா. சென்னைக்கு இதுதான் அவருக்கு முதல் பயணம். கேசட்டை அவரிடமே கொடு. கொடுக்கும் முன் உன் சேனலில் பழைய டெக் ஏதாவது கிடந்தால், ஹெட்டைத் துடைத்துவிட்டு, ஒரே ஒரு தடவை அவருக்குப் போட்டுக் காட்டு. நிறுத்தி நிறுத்திப் பார்க்காதே, நிறுத்தினால் டேப் அந்த இடத்தில் தேயும். வேறு எதிலும் பதிவு செய்து திருத்தப் பார்க்காதே. ஒரு நூல் கூட்டினாலும் இதுவும் திருத்தியதுதான் என்பார்கள். படம் மங்கலாகத்தான் இருக்கும். ஏழு பேரில் மூன்றாவதாக இருப்பவள், கேமராவைப் பார்த்ததும் முந்தானையால் முகத்துப் பவுடரைத் துடைத்துக்கொண்டு நிமிர்வாள். அவர் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் கேட்பார். கேசட்டில் கை வைக்காமல், மானிட்டர் குமிழை மட்டும், அவர் போதும் என்று சொல்லும்வரை ஏற்று.

அத்தா